குன்னூரில் மூடிய பெட்டி

1. தேயிலை விலை விழுந்தது. நானும் என் கணவரும் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டது.

2. குன்னூரை அடுத்த வெலிங்டனில் குடியிருந்த, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர், கொச்சியில் நிறுத்தி வைத்திருந்த தம்முடைய பாய்மரப் படகில் செஷல்ஸ் தீவுக்குப் போகத் தீர்மானித்தார். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள என் கணவரைக் கேட்டார். படகுக்கு வேண்டிய சாமான்களைத் தயார் செய்ய என்னைக் கேட்டார்.

3. ஐந்து மாதம் தயார் செய்தோம்.

4. படகு மூழ்கினால் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை எல்லாம் ஓர் எவர்சில்வர் பெட்டியில் அடுக்கி, குன்னூரில் மூடி, என் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தேன்.

5. ஜனவரியில் கர்னலும் என் கணவரும் கிளம்பினார்கள்.

6. ஒன்பதாம் நாள், மேட்டுப்பாளையம் போகும் பேருந்தில், அந்தப் பெட்டியைக் கடலில் கையால் திறக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

7. அன்று மாலை ரேடியோவில் அவர்கள் குரல் வரவில்லை.

ஏழு வரியில் முடிந்துவிட்டது. ஆறாவது வரிக்குப் பிறகு வந்த மூன்று நாளைச் சொல்லத்தான் மீதியெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அந்தப் பெட்டி எப்படி உண்டானது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தவள். தொழிற்சாலையில் என் வேலை ஈரத்தை அளப்பது. டிரையரிலிருந்து வரும் தூளில் எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது, பொட்டலம் கட்டும் அறையில் காற்றில் எவ்வளவு ஈரம் என்று மணிக்கொரு தரம் குறித்துவைப்பேன். என் கணவர் அங்கே ஃபிட்டர். இலை வாட்டும் மின்விசிறி முதல் டீசல் ஜெனரேட்டர் வரை எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பச்சை இலைக்குக் கிடைக்கும் விலை பறிக்கும் கூலிக்கே காணாது என்றான பிறகு, தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு வாட்ச்மேன் மட்டும் வந்துபோனார்.

கர்னல் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "கடல்ல வாந்தி எடுப்பியா?" என்பது.

"தெரியாதுங்க சார். கடலப் பாத்ததே ரெண்டு தடவதானுங்க" என்றார் என் கணவர்.

"சரி, பொய் சொல்ற ஆளில்ல. வா."

கர்னலின் மனைவிக்கு இருதயத்தில் ஏதோ கோளாறு. கொச்சி வெயில் ஆகாது. அவரைத் தனியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் கொச்சியில் இருக்க கர்னலால் முடியவில்லை. அதனால் படகில் கழற்ற முடிந்ததை எல்லாம் வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். தொழிற்சாலை முதலாளி காலியாகக் கிடந்த கட்டடத்தை எங்களுக்குத் திறந்துவிட்டார். இலை வாட்டும் தளம் நல்ல நீளம். அங்கே படகின் பாயை விரித்து, நானும் என் கணவரும் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து தையலை விரல் விரலாகப் பார்த்தோம். வெள்ளைத் துணியில் தேயிலைத் தூசி ஒட்டிக்கொண்டது. கீழே ஒரு மூலையில் பேட்டரிகளும் வயர்களும் ஸ்விட்ச் பலகையும். சின்ன டிரையரைப் பற்றவைத்து ஊட்டிக் கேரட்டையும் பீன்ஸையும் பீட்ரூட்டையும் சருகாகும் வரை உலர்த்தினேன். தூளுக்குப் பார்க்கும் அதே அளவு ஈரம் வரும் வரை விடவில்லை.

எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டேன். ஒரு நோட்டு, பக்கத்துக்கு நான்கு பத்தி. பொருளின் பெயர், படகில் அதன் இடம், இருட்டில் அதை எடுக்க வேண்டியவர், அது இல்லாவிட்டால் என்ன ஆகும். நான்காவது பத்தியை நிரப்பும்போதுதான் எனக்குப் பயம் வரும். பயந்தால் எனக்குக் கை நடுங்காது. எழுத்து சிறிதாகும். இப்போது அந்த நோட்டைப் புரட்டினால், எந்த வரியில் எவ்வளவு பயந்தேன் என்று கண்ணுக்குத் தெரிகிறது. "அடித்தண்ணீர் வெளியேற்றும் பம்ப்" என்ற வரி எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது. ஊட்டிக் காந்தலில் இருக்கும் என் அம்மாவிடம் கேரளாவில் படகு வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். எத்தனை நாள் கரை தெரியாமல் போவார்கள் என்று சொல்லவில்லை.

பெட்டியை என் கணவர் தொழிற்சாலைப் பட்டறையிலேயே செய்தார். கனமான எவர்சில்வர் தகடு, நீளம் முப்பது சென்டிமீட்டர், அகலம் இருபது. மூடி பெட்டியோடு ஒட்டாமல் தனியாக வரும். அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை, நான்கு பக்கமும் இழுத்து மாட்டும் கொக்கி. முதலில் சோதனைக்கு ஒன்று செய்தார், அதே அளவில் படகுக்கு இன்னொன்று. சோதனைப் பெட்டிக்குள் ஒரு செய்தித்தாளை வைத்து மூடி, தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியில் கல் கட்டி இறக்கினோம். மூன்று நாள் கழித்து எடுத்தால் காகிதம் மொரமொரவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். படகுப் பெட்டிக்குள் வைத்தவை: ஆபத்தில் கையில் பிடித்துக் கொளுத்தும் ஃப்ளேர்கள், செயற்கைக்கோளுக்குத் தானே இடத்தைச் சொல்லும் அபாயக் கருவி, கையடக்க ரேடியோ, டார்ச், மருந்து, தண்ணீர்ப் பொட்டலங்கள், தூண்டில் நரம்பு, கத்தி.

அபாயக் கருவியை வெளியே சுவரில் மாட்டலாம் என்றார் கர்னல். உப்புக்காற்று படும், உள்ளேயே இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மழையில்லாத ஒரு மத்தியானம், காற்றில் ஈரம் மிகக் குறைவாக இருந்த நேரம் பார்த்து, பொட்டலம் கட்டும் அறையில் பெட்டியை மூடினேன். தேயிலைத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஏலத்துக்குப் போகும் மாதிரித் தூளை டப்பாவில் அடைத்துக் காகித சீல் ஒட்டிவிட்டால், சுவை பார்ப்பவரின் மேஜைக்குப் போகும் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். முதலாளியே ஆனாலும் தொடமாட்டார். ஈரம் புகுந்துவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் போய்விடும். நான் அதே காகித சீலை மூடியின் மேல் ஒட்டி, "அவசியம் வந்தாலன்றித் திறக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்காவது பத்தியில் அந்தப் பெட்டிக்கு எதுவும் எழுதவில்லை. மற்றது எல்லாம் போனால் அதுதான் மிச்சம் என்பதால், அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கொச்சியில் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த பிறகு என் வேலை ரேடியோ. கர்னலின் யோசனைப்படி பரீட்சை எழுதி அதற்கான உரிமம் வாங்கியிருந்தேன். அவர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி, பின்னறையில் கருவியை வைத்திருந்தோம். காலை ஏழு, மாலை ஐந்தரை. எட்டு நாள் தவறாமல் வந்தார்கள். இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. இடத்தைச் சொல்வார்கள், காற்றைச் சொல்வார்கள், என் கணவர் வாந்தி நின்றுவிட்டது என்பார். நான் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் புள்ளி வைப்பேன்.

ஒன்பதாம் நாள் காலையிலும் பேசினார்கள். பிறகு என் ரேடியோவின் சார்ஜருக்கு டயோடு என்ற சின்னப் பாகம் ஒன்று வேண்டியிருந்தது. குன்னூரில் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினேன். பேருந்து நிலையத்தில் பாதித் தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை இறுக மூடி மடியில் வைத்திருந்தேன். மலையடிவாரத்துக் கல்லாறைத் தாண்டும்போது பாட்டில் டக்கென்று ஒடுங்கியது.

நூறு தடவை பார்த்திருக்கிறேன். மலையில் மூடிய பாட்டில் கீழே இறங்கினால் ஒடுங்கும். கீழே அடைத்த சிப்ஸ் பாக்கெட் எங்கள் ஊர்க் கடைக்கு வரும்போது தலையணை போல உப்பியிருக்கும். மலையில் காற்றின் அழுத்தம் குறைவு, கீழே அதிகம். முதல் வருடப் பாடம். பாட்டில் மெல்லிய பிளாஸ்டிக், அதனால் ஒடுங்கிக்கொள்கிறது. எவர்சில்வர் ஒடுங்காது. உள்ளே குன்னூர்க் காற்று, வெளியே கடல்மட்டத்துக் காற்று. மூடியின் மேல் அந்த வித்தியாசம் முழுவதும் உட்கார்ந்துகொள்ளும்.

பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இருநூறு கிராம். முப்பது பெருக்கல் இருபது, அறுநூறு சதுர சென்டிமீட்டர். நூற்றிருபது கிலோ. இரண்டு மூட்டைக்கு மேல் சிமென்ட்டை மூடியின் மேல் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஆடுகிற படகில், இருட்டில், ஈரக் கையால் அதைத் தூக்க வேண்டும். நெம்பித் திறக்கலாம் என்றால், அவசரத்துக்கென்று கொடுத்த கத்தி உள்ளே இருக்கிறது.

மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது கணக்கை யாராலும் வாசிக்க முடியாது, அவ்வளவு சின்ன எழுத்து.

டயோடு வாங்காமலே அடுத்த பேருந்தில் திரும்பி, ஐந்தேகாலுக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். இரைச்சல். ஐந்தே முக்காலுக்குக் கூப்பிட்டேன். ஆறு மணிக்கு கர்னலின் மனைவி ஒரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவர் பேசலைன்னா நல்லா இருக்கார்னு அர்த்தம். வீட்லயும் அப்படித்தான்" என்றார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். பாட்டில், மூடி, நூற்றிருபது கிலோ. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருதயம் சரியில்லாதவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. என் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இத்தனை பட்டியல் போட்டிருக்கியேம்மா. பெட்டியைத் தெறந்து பாக்கணும்னு ஒரு வரி எழுதலையா?"

"எழுதலைங்க மேடம். தொறக்கக் கூடாதுன்னுதானுங்க எழுதியிருக்கேன்."

அவர் நோட்டை மூடி என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கும் வரவில்லை. கடலோரக் காவலுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? இரண்டு வேளை பேசவில்லை என்பது ஆபத்து ஆகாது என்று கர்னலே எழுதிவைத்திருந்தார். நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுக்க வேண்டும், அதற்குள் உண்மையான ஆபத்து என்றால் அபாயக் கருவி தானாகவே சொல்லும் என்பது அவர் குறிப்பு. கருவி பெட்டிக்குள்.

என் கையில் இருந்தது ஒன்றுதான். சோதனைப் பெட்டி. தொழிற்சாலைக்குப் போய், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, அதே அறையில் அதே மாதிரி மூடினேன். மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்து சிமென்ட் பெஞ்சில் வைத்து நான்கு கொக்கியையும் விடுவித்து இழுத்தேன். மூடி அசையவில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் பிடித்து இழுத்தேன். பெட்டியே மேலே வந்தது. மூடியின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருப்பதை அப்போது பார்த்தேன்.

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெட்டியைப் பிடிக்க, மற்றவர் மூடியை இழுத்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்கறீங்க அக்கா? தங்கமா?"

"ஒண்ணுமில்லைங்க. வெறும் காத்துதான்."

"காத்துக்கா இத்தன பூட்டு" என்று சொல்லி அவர் தோற்றுப்போய் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் சிரித்தார்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டம் கூட இல்லை, கடலில் இதைவிட இறுக்கமாக இருக்கும்.

கையோடு கொண்டுபோயிருந்த ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். தகடு வளைந்ததே தவிர மூடி எழும்பவில்லை. பிறகு ரப்பர் பட்டையைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். பட்டையின் இரண்டு முனைகளும் சேரும் இடம் ஒரு மூலையில் இருந்தது, ஒட்டியதற்கான மெல்லிய கோடு. டீக்கடைக்காரரிடம் எலுமிச்சை அறுக்கும் கத்தியை வாங்கி, அதன் நுனியை அந்தக் கோட்டில் வைத்து மெல்ல உள்ளே அழுத்தினேன். நீளமாக ஒரு சீறல். அது அடங்கியதும் மூடி ஒற்றை விரலுக்கு வந்துவிட்டது.

எல்லாம் சேர்ந்து பதினோரு நிமிடம். மூழ்கும் படகுக்கு அது மிக அதிகம். எந்த மூலை என்று தெரிந்தால் எத்தனை நொடியில் முடியும் என்று பார்க்க வேண்டும். ஆனால் கீழே ஒரு தடவை திறந்துவிட்டால் சோதனை முடிந்தது. மறுபடி சோதிக்க மலையேறி, அங்கே மூடிக்கொண்டு இறங்க வேண்டும்.

பத்தாம் நாள் மாலை வரவில்லை. பதினோராம் நாள் காலையும் வரவில்லை. தொழிற்சாலையில் தகட்டை நேராக்கிப் பட்டையை ஒட்டி மறுபடி மூடினேன், மறுபடி இறங்கினேன். "இன்னைக்கும் பொட்டியா அக்கா? இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரட்டுமா?" என்றார் கண்டக்டர். சிரிக்க முயன்றேன். அந்தக் காலையில் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. என் கணவர் கொக்கிகளை விடுவித்துவிட்டு மூடியை இழுத்துக்கொண்டிருக்கிறார், தண்ணீர் முட்டிக்கு வந்துவிட்டது, என் கையெழுத்து அவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதே காட்சி.

இந்த முறை சமையல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி செய்தேன். நாற்பது நொடி. குன்னூருக்கு ஏறும் பேருந்திலேயே ஓர் அட்டையில் ஐந்து வரி எழுதினேன்.

மாலை ஐந்தரை. இரைச்சல். ஐந்து முப்பத்தாறுக்கு இரைச்சலுக்குள் ஒரு மூச்சு போல ஏதோ கேட்டது. பிறகு கர்னலின் குரல், துண்டு துண்டாக. இரண்டு நாள் முன்னால் பலத்த காற்றும் மழையும். ஆன்டெனா இணைப்பில் உப்பு ஏறிவிட்டது, இப்போதுதான் சுரண்டி எடுத்தோம், இருவரும் நலம். கர்னலின் மனைவி என் பின்னால் வந்து நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் நலம் விசாரிக்கவில்லை. என் கணவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஏனுங்க, அவசரப் பெட்டிய உடனே தொறக்கோணுமுங்க. சீலப் பத்தி யோசிக்காதீங்க. ஓவர்."

கொஞ்ச நேரம் இரைச்சல்.

"அத ரெண்டாம் நாளே தொறக்கப் பாத்தேன் புள்ள. கையெழுத்து கிழியாம சீல மெதுவா உரிச்சுட்டுத்தான் பாத்தேன். அசையவே இல்ல. நம்ம கை வேல அப்படீன்னு சார்கிட்ட பெரும பேசிட்டு உட்டுட்டேன். ஓவர்."

ரெண்டாம் நாளே. அதன் பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் என்னோடு பேசியிருக்கிறார். சீலை உரித்ததற்கு நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்து சொல்லாமலே இருந்திருக்கிறார்.

"அது உங்க கை வேல இல்லைங்க. குன்னூர்க் காத்து. நான் சொல்றத மட்டும் செய்யுங்க. சமையல் கத்தி எடுத்துக்குங்க. ஓவர்."

அட்டையிலிருந்து ஐந்து வரியையும் வாசித்தேன். எந்த மூலை என்று இரண்டு முறை சொன்னேன். அவர் செய்த பெட்டி, அவர் ஒட்டிய ரப்பர், அவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொன்னேன். பிறகு காத்திருந்தோம். கைக்கடிகாரத்தில் நாற்பது நொடி ஆனது, ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனபோது கர்னலின் மனைவியின் விரல்கள் என் தோளில் பதிந்தன.

"தொறந்துருச்சு" என்றார் என் கணவர். ஓவர் சொல்ல மறந்துவிட்டார். "பெருமூச்சு உட்ட மாதிரி சத்தம் வந்துச்சு புள்ள. சாரும் கேட்டாரு." மறுபடி இரைச்சல். "நேத்து முந்தாநேத்து அந்த மழையில... சரி உடு. ஓவர்."

அந்த மழையில் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அபாயக் கருவியை எடுத்து வெளியே, ஏணிக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னேன். கத்தியையும் வெளியே வைக்கச் சொன்னேன். மீதியை அங்கேயே மூடச் சொன்னேன். அங்கே மூடினால் அங்கே திறக்கும். குரல் மங்கிப் போனது. கருவியை அணைத்துவிட்டு எழுந்தேன். கர்னலின் மனைவி சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்றைய புள்ளியை வரைபடத்தில் வைத்தேன்.

இருபதாம் நாள் அவர்கள் கரை சேர்ந்தார்கள். பெட்டி எதற்கும் தேவைப்படவில்லை. மார்ச்சில் இருவரும் விமானத்தில் திரும்பி வந்தார்கள். மழை இரவில் என்ன நடந்தது என்று வந்த பிறகு என் கணவர் சொன்னார். ஒரு பெரிய அலையில் படகு பக்கவாட்டில் சாய்ந்து, அறைக்குள் தண்ணீர் வந்து, கர்னல் பெட்டியை எடு என்று கத்தியிருக்கிறார். இவர் நான்கு கொக்கிகளையும் விடுவித்து உட்கார்ந்து இழுத்திருக்கிறார். அதற்குள் படகு நிமிர்ந்துவிட்டது. பம்ப் வேலை செய்தது. அவர் இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது நிலைமை இது. தொழிற்சாலை இன்னும் திறக்கவில்லை. இருவருக்கும் இங்கே வேறு வேலை கிடைக்கவில்லை. படகு செஷல்ஸில் நிற்கிறது. செப்டம்பரில் அதைத் திரும்பக் கொண்டுவர கர்னலோடு போவதாக என் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் புது நோட்டு போட்டிருக்கிறேன். இதுவரை பதினாறு பக்கம் ஆகியிருக்கிறது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.